பிறேக்கின் சரித்திரமும் கொம்பியூட்டர் பந்தயமும்

பந்தயக் கார்களைப் பற்றிக் கதை தொடங்கினால் எங்கட சனம் எஞ்சினைப் பற்றித்தான் கதைக்கும். எத்தனை குதிரைவலு, எத்தனை கிலோமீற்றர் வேகம் என்று கேட்பார்கள். பிறேக்கைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. சில்லுகள் வெளியே தெரிகிற ஃபோர்முலா கார்களில் பாதி வெற்றி பிறேக் பிடிக்கிற இடத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

அக்காவின் மகன் கொம்பியூட்டரில் ஃபோர்முலா கார் ஓடுகிறவன். "மாமா, முன்னுக்கு எத்தனை வீதம், பின்னுக்கு எத்தனை வீதம்? நம்பரை மட்டும் சொல்லுங்கோ" என்பான். நம்பர் சொல்லலாம். ஆனால் அதன் பின்னால் எழுபது வருசச் சரித்திரம் கிடக்கிறது.

பல்கலைக்கழகத்தை இடையில் விட்டு வந்தவன் நான். படித்த பௌதிகத்தில் மிஞ்சியது கொஞ்சம். அதில் ஒன்று, வேகம் இரண்டு மடங்கானால் இயக்கசக்தி நான்கு மடங்காகும் என்பது. அந்தச் சக்தியை வெப்பமாக்கி வெளியே விடுவதுதான் பிறேக்கின் வேலை.

பழைய ட்றம் பிறேக்கில் வெப்பம் உள்ளேயே அடைபட்டுவிடும். நீண்ட ஓட்டத்தில் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. டன்லொப்பின் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜாகுவார் 1953 இல் லு மான் 24 மணிநேர ஓட்டத்தை வென்றது. அதன் பிறகும் ஃபெராரி ட்றம்மையே பிடித்துக்கொண்டு நின்றது. 1958 ஓகஸ்ற்றில் அவர்களது சாரதி பீற்றர் கொலின்ஸ் நூர்புர்கிறிங் விபத்தால் இறந்தார். அவர் தன்னுடைய சொந்தக் காருக்கு டிஸ்க் போட்டிருந்தார். அதையே கழற்றி மொன்ஸாவில் நண்பர் மைக் ஹோதோர்னின் பந்தயக் காருக்குப் பூட்டினார்கள். அந்த வருடம் ஹோதோர்ன் ஒரேயொரு புள்ளி வித்தியாசத்தில் உலக சாம்பியன் ஆனார்.

அடுத்தது 1970. லோட்டஸ் 72 இல் முன் பிறேக்குகளைச் சில்லுக்குள் வைக்காமல் காரின் உடம்போடு வைத்து, ஒரு தண்டால் சில்லோடு இணைத்தார்கள். சில்லின் பாரம் குறையட்டும் என்பது நோக்கம். செப்ரெம்பர் 5 ஆம் திகதி மொன்ஸாவில் பயிற்சியின்போது யொக்கன் றிண்ட் பிறேக் பிடித்த இடத்தில் கார் இடப்பக்கம் இழுத்துப்போய் வேலியில் மோதியது. பிறேக் தண்டு முறிந்திருந்தது. வேலியும் ஒழுங்காகப் பொருத்தப்பட்டிருக்கவில்லை. இறந்த பிறகு சாம்பியன் பட்டம் பெற்ற ஒரே ஃபோர்முலா 1 சாரதி அவர்தான்.

1976 இல் கோர்டன் மரே பிரபாம் காரில் கார்பன் பிறேக்கைப் பரீட்சித்தார். கொன்கோட் விமானத்தில் இருந்த வகை அது. எண்பதுகளில் எல்லோரும் அதற்கு மாறினார்கள். பாரமும் குறைவு, ஆயிரம் பாகை வெப்பத்தையும் தாங்கும். ஆனால் குளிர்ந்திருந்தால் பிடிக்காது. குசினியில் நிற்கிறவனுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தாச்சி காயாமல் எதைப் போட்டாலும் சரிவராது.

பிறகு மெசினே காலுக்குப் பதிலாக வேலை செய்யத் தொடங்கியது. 1993 இல் அலன் புரொஸ்ற் பட்டம் வென்ற வில்லியம்ஸ் காரில் சில்லு இறுகாமல் பார்க்கிற ஏபிஎஸ் இருந்தது. 1994 இல் அதைத் தடைசெய்தார்கள். 1997 இல் மக்லாரன் இன்னொரு பிறேக் பெடலை ஒளித்து வைத்தது. அது ஒரு பின்சில்லை மட்டும் பிடித்துக் காரைத் திருப்ப உதவியது. பிடிக்கத் தேவையில்லாத இடத்தில் டிஸ்க் சிவந்து எரிவதைக் கண்ட ஒரு படப்பிடிப்பாளர், கைவிடப்பட்ட காருக்குள் கமராவை விட்டுப் படமெடுத்ததால் விசயம் வெளியானது. 1998 தொடக்கத்திலேயே அதையும் தடைசெய்தார்கள். பிறேக் பிடிப்பது சாரதியின் காலாக இருக்கவேண்டும் என்பதுதான் ஏபிஎஸ் தடையின் சாரம். எனக்கு அது சரியென்றே படுகிறது.

இனி கொம்பியூட்டருக்கு வருவோம். 1998 இல் வெளிவந்த 'கிராண்ட் பிறீ லெஜன்ட்ஸ்' விளையாட்டில் 1967 ஆம் வருடக் கார்களை ஓடலாம். அவற்றுக்குச் செட்டை கிடையாது. ஃபோர்முலா 1 இல் செட்டை வந்தது 1968 இல். ஆகவே அந்தக் காரில் முதலில் மெதுவாக மிதித்து, பாரம் முன்சில்லுக்கு வந்த பிறகுதான் கூட்டவேண்டும். செட்டை உள்ள காரில் கதை தலைகீழ். வேகமாகப் போகும்போது காற்று காரை நிலத்தோடு அமத்துகிறது. 300 இல் இருக்கும் அமத்தம் 150 இல் காற்பங்குதான். ஆகவே எடுத்த எடுப்பில் பலமாக மிதித்து, வேகம் குறையக் குறைய காலை இளக்க வேண்டும். மிதிக்க எல்லோருக்கும் தெரியும். இளக்கத்தான் பழகவேண்டும்.

மருமகனுக்கு நான் சொல்லுவது இதுதான். முன்னுக்கு 57 வீதத்தில் தொடங்கு. நேர்ப்பாதையில் பலமாக மிதித்துப் பார். முன்சில்லு ஒரு சொட்டு முந்தி இறுகவேண்டும். பின்சில்லு முந்தினால் கார் சுற்றும், வீதத்தை முன்னுக்குக் கூட்டு. முன்சில்லு மிகவும் முந்தினால் கார் வளையாமல் நேரே போகும், அரை அரை வீதமாகப் பின்னுக்குத் தள்ளு. பெடல் வாங்கக் காசிருந்தால் எவ்வளவு தூரம் போகிறது என்பதை அளக்கிற பெடலை விட்டுவிட்டு, எவ்வளவு பலமாக மிதிக்கிறாய் என்பதை அளக்கிற பெடலை வாங்கு. கதிரையில் இருந்து ஓடுகிறவனுக்கு உடம்பு முன்னுக்குத் தள்ளப்படுகிற உணர்வு கிடையாது. காலுக்கு மட்டும்தான் சேதி வரும்.

நம்பர் எவ்வளவு பெரிய விசயம் என்பதற்கு 2021 பாகு ஓட்டம் சாட்சி. கடைசி இரண்டு சுற்றுக்கு மறுபடி தொடங்கியபோது லூயிஸ் ஹமில்ற்றனின் கை ஒரு பொத்தானில் பட்டு, பிறேக் பலம் பெருமளவு முன்சில்லுக்குப் போய்விட்டது. கார் நேரே போனது. இரண்டாவதாக நின்றவர் 15 ஆவதாக வந்தார். அந்த வருடப் பட்டம் அவருக்கு 8 புள்ளிகளால் தப்பியது. இரண்டாம் இடத்துக்கு 18 புள்ளிகள். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கோ.

கொம்பியூட்டர் ஓட்டத்தைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று சிரிக்கிறவர்கள், அந்த 1967 காரில் ஒருக்கால் பத்துச் சுற்று ஓடிப் பார்க்கட்டும். சுவரில் மோதினால் எங்களுக்கு மறுபடி தொடங்க வழியிருக்கிறது. கொலின்ஸுக்கும் றிண்டுக்கும் அது இருக்கவில்லை.