கட்டிலடிப் பாய்: பெரியாஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவரின் இடம்

"ஐகிரவுண்டுக்கு எழுதிட்டாவ." சங்கரன்கோவில் அரசு மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் ஒருவர் வந்து இதை மட்டும் சொன்னால் போதும். கையில் எவ்வளவு இருக்கிறது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை யார் பார்ப்பது, ராத்திரி யார் கூட இருப்பது என்ற பேச்சு அங்கேயே தொடங்கிவிடும். எழுதிய சீட்டில் இருப்பது நோயாளியின் பெயர் ஒன்றுதான். புறப்படுவதோ குறைந்தது மூன்று பேர்.

ஐகிரவுண்டு என்று இப்பகுதி மக்கள் சொல்வது பாளையங்கோட்டையில் இருக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை. கல்லூரி 1965இல் தொடங்கியது. தென்காசி 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டம். சங்கரன்கோவில் அதில்தான் சேர்ந்தது. ஆனால் 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோது பக்கத்து விருதுநகருக்கு ஒன்று கிடைத்தது, தென்காசிக்குக் கிடைக்கவில்லை. மாவட்டம் பிரிந்தாலும் நோயின் பாதை பிரியவில்லை. தலையில் அடிபட்டவரும் பக்கவாதம் கண்டவரும் பனவடலிசத்திரம், தேவர்குளம், மானூர் வழியாகச் சுமார் 55 கிலோமீட்டர் கடந்து பழைய மாவட்டத் தலைநகரான திருநெல்வேலிக்கே போகிறார்கள். 108 வண்டியில் ஒருவர் கூட ஏறிக்கொள்ளலாம். மற்றவர்கள் பின்னால் பஸ்ஸில்.

அப்படி ஏறிக்கொள்கிற அந்த ஒருவரைப் பற்றியதே இக்கட்டுரை. பொது மருத்துவமனையைப் பற்றிய நம் விவாதங்கள் கட்டில்களை எண்ணுகின்றன, மருத்துவர்களை எண்ணுகின்றன, காலிப் பணியிடங்களை எண்ணுகின்றன. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருப்பவரை யாரும் எண்ணுவதில்லை. நிர்வாகத்தின் கண்ணில் அவர் 'கூட்டம்'. காவலாளியின் விசிலுக்கு நகர வேண்டியவர். என் வாதம் இதற்கு நேர் எதிரானது. பெரியாஸ்பத்திரியின் பராமரிப்பு வேலையில் கணிசமான பங்கைச் செய்பவர் அவர்தான். சம்பளமும் பயிற்சியும் பெயரும் இல்லாத ஊழியர். அவரை ஊழியராகக் காணாதவரை நோயாளி பராமரிப்பு பற்றி நாம் சொல்லும் எதுவும் அரைக் கணக்குதான்.

என் நிலையைச் சொல்லிவிடுவது முறை. பக்கவாதத்தில் விழுந்த என் சித்திக்குத் துணையாக ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் ஒன்பது இரவுகள் இருந்திருக்கிறேன். எந்த ஊர் மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை; எங்கும் ஏறக்குறைய அதே நடப்புதான். இரவு எட்டு மணிக்கு விசில். பாஸ் வைத்திருப்பவர் ஒருவர் மட்டும் தங்கலாம், பெண்கள் வார்டில் ஆண்கள் தங்க முடியாது. அதன்பின் வார்டு எங்களுடையது. பாட்டிலில் குளுக்கோஸ் தீரப்போகிறதா என்று பார்த்துச் சிஸ்டரை எழுப்புவது, ரத்தக் குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு லேபுக்கு ஓடுவது, ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பது, ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவது, வெந்நீர் வாங்குவது, மலம் எடுப்பது, மூக்குக்குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றுவது. விடியற்காலை ஐந்து மணிக்கு "ஒதுங்குங்கம்மா, மாப்பு போடணும்" என்ற குரல். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஈரத்தரை காயும்வரை நடைவழியில் நிற்போம்.

மூன்றாம் நாள், படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று ரவுண்ட்ஸில் சொல்லிவிட்டுப் போனார்கள். எப்படித் திருப்புவது என்று யாரும் காட்டவில்லை. சித்தி கனமான உடம்புக்காரி. நான் தோளைப் பிடித்து இழுத்துப் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டில் கிழவி எழுந்து வந்தாள். தன் பழைய நூல் சேலையை நாலாக மடித்துச் சித்தியின் இடுப்புக்கும் முதுகுக்கும் அடியில் செருகினாள். "நீ அந்தப் பக்கம் முந்தியப் புடி தாயி, நான் இந்தப் பக்கம். சேலையத்தான் இழுக்கணும், ஆள இழுக்கக் கூடாது." ஒரே மூச்சில் சித்தி புரண்டுவிட்டாள். செவிலியர் பாடத்தில் இதற்குத் தனி விரிப்பும் செய்முறையும் உண்டு. கிழவிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது அதற்கு முந்தின மாதம் அதே வார்டில் இருந்த இன்னொருத்தி. மருத்துவமனை கற்பிக்காத ஒரு திறமை மருத்துவமனைக்குள்ளேயே கைமாறிக்கொண்டிருக்கிறது. எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. வங்கதேசத்து மருத்துவரும் மானிடவியலாளருமான ஷாஹாதுஸ் ஜமான், அந்நாட்டுப் போதனா மருத்துவமனை ஒன்றில் எலும்பு முறிவு வார்டிலேயே இருந்து ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட நூல் இத்துறையில் முக்கியமானது. அங்கே செவிலியர்களின் நேரத்தைக் காகித வேலை தின்றுவிட, நோயாளியின் உடம்பைத் தொட்டுச் செய்யும் பணிவிடை பெரும்பாலும் உறவினர் கைக்குப் போய்விட்டதை அவர் காட்டுகிறார். நம் மாநிலத்தைப் பொறுத்தவரை, 1990களில் சென்னையிலும் கல்பாக்கத்திலும் பிரசவம் பற்றிக் கள ஆய்வு செய்த சிசிலியா வான் ஹாலன் 2003இல் எழுதிய நூல், ஏழைப் பெண்கள் அரசு மருத்துவமனையில் எதைக் கண்டு அஞ்சினார்கள் என்பதைப் பதிவு செய்கிறது. ஏச்சும் லஞ்சமும் அந்த அச்சத்தில் உண்டு. தனியே விடப்படுவதும் உண்டு.

'துணை' என்ற கருத்து நம் மரபில் மருத்துவத்துக்கு வெளியே நின்றதில்லை. குறளின் மருந்து அதிகாரம் முடியும் இடத்தில், 950ஆம் குறள், மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, பக்கத்தில் இருந்து செய்பவர். சரக சம்ஹிதையிலும் இதே நான்கு கால்கள் உண்டு. நான்காம் காலுக்கு வேண்டிய தகுதிகளில் நோயாளியிடம் அன்பும் ஒன்று. மேடைகளில் இந்தக் குறளைச் செவிலியர் பெருமையாகச் சொல்லிக் கைதட்டு வாங்குவது வழக்கம். அந்தப் பொருளும் சரிதான், ஆனால் பாதிதான் சரி. நவீன மருத்துவமனை அந்த நான்காவது காலை இரண்டாகப் பிளந்துவிட்டது. திறமையும் மருந்தறிவும் செவிலியர் பக்கம் போயின. அதற்குப் பதவியும் ஊதியமும் வந்தன. அன்பு, விழித்திருத்தல், அழுக்கெடுத்தல் ஆகியவை உறவினர் பக்கம் தங்கின. அவற்றுக்கு ஒன்றும் வரவில்லை.

சங்கரன்கோவில்காரர்களுக்கு நோயாளியும் துணையும் சேர்ந்தே போகும் வேறோர் இடம் நன்றாகத் தெரியும். சங்கரநாராயணர் கோவிலில் புற்றுமண் எடுத்துப் பூசுவதும், நோய் தீர வேண்டி மாவிளக்கு ஏற்றுவதும், கோமதி அம்மன் சன்னிதிக்கு முன்னுள்ள சக்கரக் குழியில் மனநோய் கண்டவர்களை உட்காரவைப்பதும் நெடுநாள் வழக்கம். கோவில் குணமாக்குகிறதா என்பது என் கேள்வியல்ல. அங்கே யாரும் நோயாளியை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவதில்லை. கூட வந்தவருக்கும் மண்டபத்தில் உட்கார இடம் உண்டு, சடங்கில் கை உண்டு. ஆனால் இதை வைத்துக் கோவிலைப் போற்றி ஆஸ்பத்திரியைத் தூற்றுவது அவசரப் புத்தி. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். அவ்வூர்த் தர்காவை நம்பி அழைத்து வரப்பட்டு, துணை விலகிய பின் அங்கே கிடந்தவர்கள். துணை இல்லாத இடம் புனிதமானது என்பதால் மட்டும் பாதுகாப்பானதாகிவிடாது.

துணைக்கு இருப்பவர் யார்? பெரும்பாலும் பெண். அதிலும், வீட்டில் யாருடைய கூலியை 'விட்டால் பரவாயில்லை' என்று குடும்பம் நினைக்கிறதோ அந்தப் பெண். சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். சுற்றுக் கிராமங்களில் பீடி சுற்றும் பெண்கள் உண்டு. குருவிகுளம் பக்கத்துக் கரிசலில் மழையை நம்பிய விவசாயம். தறியும் பீடியும் எண்ணிக்கைக்குக் கூலி தரும் வேலைகள். ஓட்டாத தறிக்கும் சுற்றாத பீடிக்கும் காசில்லை. ஒன்பது நாள் துணை என்றால் ஒன்பது நாள் கூலி போயிற்று. அரசின் உதவி அவளைத் தொடும் இடங்கள் விநோதமானவை. 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் உண்டு, ஆனால் அது சாதாரண நகரப் பேருந்துக்குத்தான். திருநெல்வேலி சந்திப்பிலிருந்து ஐகிரவுண்டு வரை அவள் சும்மா போகலாம். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி வரை டிக்கெட் எடுக்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை குடும்பத்துக்கு என்று தரப்படுகிறது. அறுவைக்கும் ஸ்டென்டுக்கும் அது பணம் கொடுக்கும். அந்தக் குடும்பமே இழக்கும் கூலி அதன் கணக்கில் வராது.

வார்டுக்குள் இந்தப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு சிறு ஊரை உண்டாக்கிக்கொள்கிறார்கள். பெயர் தேவைப்படுவதில்லை, 'ஏழாம் நம்பர் பெட்டுக்காரி' போதும். தூக்குவாளிச் சோறு பங்கு பிரிகிறது. போன் சார்ஜர் கட்டில் கட்டிலாகச் சுற்றுகிறது. ஒருத்தி குளிக்கப் போனால் இன்னொருத்தி இரண்டு நோயாளியையும் பார்த்துக்கொள்கிறாள். இதை ஒரேயடியாகச் சமத்துவபுரம் ஆக்கிவிட வேண்டாம். "எந்த ஊரு?" என்ற முதல் கேள்விக்குப் பின்னால் "எந்தத் தெரு?" என்று இரண்டாவது கேள்வி வருகிறது. நம் மாவட்டங்களில் அந்த இரண்டாவது கேள்வி எதை விசாரிக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். பதிலைக் கேட்டபின் டம்ளர் தனியாக வைக்கப்பட்டதையும் பார்த்தேன். அதே டம்ளர்க்காரி, இரவு இரண்டு மணிக்கு எதிர்க்கட்டில் நோயாளிக்கு வலிப்பு வந்தபோது முதல் ஆளாக ஓடித் தலையைத் தாங்கிப் பிடித்ததையும் பார்த்தேன். எது அவளுடைய உண்மைக் குணம் என்று கேட்பது பயனற்றது. வார்டு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

இனி எதிர்வாதங்கள். கூட்டம் தொற்றைப் பரப்பும் என்பதைத் தட்டிக்கழிக்க முடியாது. தென்கொரியாவில் குடும்பத்தார் வார்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்வது நம்மைப் போலவே ஊறிய வழக்கம். 2015இல் அங்கே மெர்ஸ் நோய் 186 பேருக்குப் பரவியபோது, தொற்றியவர்களில் உறவினர்களும் பார்க்க வந்தவர்களும் மருத்துவப் பணியாளர்களைவிட அதிகமாக இருந்தனர். செவிலியர்களே முழுப் பராமரிப்பையும் ஏற்கும் வார்டுகளை 2013இலேயே சோதனையாகத் தொடங்கியிருந்த அந்நாடு, அதன்பின் அவற்றை விரிவாக்கியது. விசில் அடித்து ஆளை விரட்டுவது தீர்வாகாது என்பதைத்தான் நான் இதில் காண்கிறேன். உறவினரை வெளியே அனுப்பும் முன் அவர் செய்த வேலைக்கு ஆள் போட்டார்கள்.

இரண்டாவது எதிர்வாதம் கடுமையானது, செவிலியர் சங்கத் தோழிகள் என்னிடம் நேரில் சொன்னது: "நீங்க சொந்தக்காரங்களுக்குப் பேரு குடுத்தா, கவர்மென்டு எங்க போஸ்டிங்க நிறுத்திரும்." போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. இரவுப் பணியில் அந்த அளவை எந்தப் பொது வார்டிலும் நான் கண்டதில்லை. எனவே இந்த அச்சம் நியாயமானது. ஆனால் கணக்கில் வராத உழைப்புதான் பற்றாக்குறையை மறைக்கிறது. கிழவியின் சேலையால்தான் அந்த வார்டில் செவிலியர் போதுமானவர்களாகத் தெரிந்தார்கள். துணையாள் என்னென்ன செய்கிறார் என்று எழுதிப் பார்த்தால், எத்தனை செவிலியர் குறைவு என்பதும் கூடவே எழுதப்பட்டுவிடும்.

அரசுக்கு இது புதிதுமல்ல. பிரசவ அறைக்குள் பெண்ணுக்கு விருப்பமான துணை ஒருத்தி இருக்கலாம் என்று தமிழ்நாடு 2004லேயே திட்டம் கொண்டுவந்தது. தாயாரோ மாமியாரோ அறைக்குள் நின்றதால் பிரசவம் கெட்டுப்போகவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், படுக்கையில் கிடப்பவரை வீட்டில் வந்து பார்க்கிறது. அங்கே பராமரிப்பவர் குடும்பத்தார் என்பது திட்டத்தின் அடிப்படை எடுகோள். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு இறங்கினால் கேரளம். அங்கே 'ஆஸ்வாசகிரணம்' திட்டம் படுத்த படுக்கையானவரைக் கவனிப்பவருக்கென்றே மாதம் 600 ரூபாய் வைத்தது. தொகை சொற்பம்தான். ஆனால் பெறுபவர் நோயாளி அல்லர், பார்த்துக்கொள்பவர். பிரசவ அறையிலும் வீட்டிலும் ஒப்புக்கொள்ளப்பட்ட துணை, நடுவில் இருக்கும் பொது வார்டில் மட்டும் ஏன் கூட்டமாகிவிடுகிறார்?

கேட்பது பெரிதில்லை. தங்கிக் குளிக்க ஓர் இடம். திருப்பிப் படுக்கவைக்கவும் குழாயில் ஊட்டவும் கை கழுவவும் ஒரு சிஸ்டர் அரைமணி நேரம் கற்றுக்கொடுப்பது. அனுப்பும்போது மருந்து விவரத்தை அவருக்கும் சொல்லி, சொன்னதாக எழுதிவைப்பது. சொல்லாமல் போய்விட்டார் என்று நோயாளிகளைப் பதியும் பேரேட்டில், போனதற்கு முந்தின நாள் துணைக்கு ஆள் இருந்ததா என்று ஒரு கட்டம் சேர்த்தால் ஆய்வாளர்களுக்கு உதவும்.

மருந்து செலுத்தி ஸ்கேன் எடுக்கும் முன் என்னிடம் ஒரு தாளை நீட்டினார்கள். எது நேர்ந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல என்ற வாசகத்துக்குக் கீழே 'உறவினர் கையொப்பம்' என்று ஒரு கோடு. போட்டேன். பத்தாம் நாள் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் சித்தியின் பெயர், வயது, ஐபி எண், யூனிட், ஐந்து மாத்திரைகள் இருந்தன. என் பெயர் அந்த ஒப்புதல் தாளில் மட்டும்தான் இருந்தது.