இருதயத்து அலங்காரம்: கரிசல் சீமையில் சில சாட்சிகள்

நம் ஆலயம் எழும்பிய வரலாறும் முன்னோடிக் குடும்பங்களின் ஊழியமும் எல்லோருக்கும் தெரிந்தவை. இந்த மலரிலும் வேறு பக்கங்களில் வரும். எனக்குக் கொடுத்த தலைப்பு, குணமே அழகு என்பது.

இந்தத் தலைப்புக்கு எல்லோரும் எடுக்கும் வசனம் 1 பேதுரு 3:3, 4. கூந்தலும் பொன்னும் உடையும் தரும் அலங்காரத்தைவிடச் சாந்தமும் அமைதியும் உள்ள ஆவியே கர்த்தர் பார்வையில் விலைமதிப்புடையது என்று அப்போஸ்தலன் எழுதுகிறார். நம் சபைகளில் இது பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தின் வசனமாகவே ஆகிவிட்டது. ஆண்கள் தங்களுக்கு இல்லை என்று உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அதே நிருபத்தில் இளைஞரை நோக்கிப் பேசும்போது (5:5), மனத்தாழ்மையை உடுத்திக்கொள்ளும்படி எல்லோருக்கும் சொல்வதும் அதே பேதுருதான். இந்த ஆடைக்கு ஆண், பெண் வித்தியாசம் கிடையாது.

வேதம் முகலட்சணத்தை வெறுக்கவும் இல்லை. எலியாபின் உயரத்தைப் பார்த்துத் தீர்க்கதரிசியான சாமுவேலே ஏமாறுகிறார். கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறார் என்ற பாடம் அவருக்குக் கிடைக்கிறது (1 சாமுவேல் 16:7). ஐந்து வசனம் தள்ளி, வந்து நின்ற தாவீதும் அழகானவன் என்று அதே அதிகாரம் சொல்கிறது. அழகு தகுதிக்குத் தடையல்ல, தகுதியும் அல்ல. ஏசாயா 53:2 இன்னும் ஒரு படி மேலே போய், இரட்சகரிடம் கண்ணைக் கவரும் தோற்றம் எதுவும் இருக்காது என்றே முன்னறிவிக்கிறது.

தமிழ் இதை அறியாததல்ல. நாலடியார் கல்வி அதிகாரத்தில் சமண முனிவர் தலைமுடி, சேலைக் கரை, மஞ்சள் பூச்சு ஆகியவற்றின் அழகை அழகல்ல என்று தள்ளி, நடுவுநிலை தரும் கல்வியை அழகென்று வைத்தார். அந்த நூலை 1893-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு. போப் ஐயர் நம் சாயர்புரத்தில் ஊழியம் செய்தவர் என்பதில் நமக்கு ஒரு தனிப் பெருமை உண்டு.

பக்கத்துக் காமநாயக்கன்பட்டியையும் விட முடியாது. அங்கே பணி செய்த வீரமாமுனிவர் தேம்பாவணிக்குத் தலைவனாக எடுத்தது அரசனையோ போர்வீரனையோ அல்ல. சூசை என்னும் தச்சனை. சுவிசேஷங்களில் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. நீதிமான் என்று மத்தேயு 1:19 தரும் அறிமுகம்தான் அவருக்கு உள்ள பெரிய பட்டம். அவர் மேல் 3,615 பாடல்! முனிவர் சீர்திருத்த சபையாரோடு எழுத்தில் கடுமையாக மல்லுக்கட்டியவர். அதற்காக இந்தப் புகழை நாம் குறைக்க வேண்டியதில்லை.

இனி நான் சொல்ல வந்தவர். தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட் ஐயர். 1815-இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் கணிதம் படித்துச் சிறந்து, அதே கல்லூரியில் ஃபெலோ ஆனவர். 1846-இல் சென்னைக்கு வந்து சி.எம்.எஸ். சங்கத்தின் செயலாளர் நாற்காலியில் அமர்ந்தார். அந்த நாற்காலியோடு அவர் ஆயுசு கழிந்திருக்கலாம். 1854-இல் எழுந்து, வடதிருநெல்வேலி என்று அன்று சொன்ன இந்தக் கரிசல் காட்டுக்கு வந்தார். டேவிட் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு இளைஞர் கூட இருந்தார்கள். பங்களா கிடையாது. கூடாரம் அடித்து, ஊர் ஊராகப் பெயர்த்து, மறுபடி அடிக்கும் வாழ்க்கை. சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் பொட்டலில், துணிக்கூரையின் கீழ் பகல் முழுவதும் இருப்பது எப்படி என்று நம் வாசகருக்கு நான் விளக்க வேண்டாம். ஐப்பசி மழையில் கரிசல் சேறு வண்டிச் சக்கரத்தைக் கவ்வி நிறுத்துவதும் தெரியும். இதெல்லாம் நுரையீரல் நோயாளி ஒருவருக்கு!

தெற்கத்திச் சபைகள் தங்கள் செலவில் உபதேசியார்களை முறை வைத்து மாதம் மாதம் அனுப்பின. துரையும் உபதேசியாரும் சேர்ந்தே ஊருக்குள் போனார்கள். ராக்லண்ட் ஐயர் பிரசங்க வன்மையால் பெயரெடுத்தவர் அல்லர். கண்ணால் கண்ட அறுவடையும் கொஞ்சமே. 1858 அக்டோபர் 22-ஆம் தேதி சிவகாசியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், வயது 43. மூன்றாண்டுக்குள் அவர் கல்லூரித் தோழர் பெரோன் அவருடைய வாழ்க்கையை நூலாக எழுதினார். அறுபது ஆண்டுக்கு மேல் சென்றபின், 1922-இல், டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் இன்னொரு நூல் எழுதினார். சாதனைக் கணக்கு இல்லாத ஒருவரைப் பற்றி இரண்டு நூல் எழுத வைத்தது எது? நல்மனமும் தாழ்மையும்தான் என்று நான் நினைக்கிறேன். பேதுரு சொன்ன அந்த மறைவான அலங்காரத்துக்கு ஆண்மகன் ஒருவரை உதாரணம் காட்டச் சொன்னால் இவரைத்தான் காட்டுவேன்.

ஏமி அம்மையாரோடு சுற்றிய பெண்கள் ஊழியக் குழுவில் பொன்னம்மாள் என்ற இளம் விதவை இருந்தார். ஒரு கூட்டத்தில், தானும் வளர்ந்தால் இந்தக் குழுவில் சேர்ந்து அந்த அக்காவைப் போல நகை போடலாம் என்று ஒரு குழந்தை சொன்னது அவர் காதில் விழுந்தது. சுவிசேஷம் கேட்க வந்த பிள்ளையின் கண்ணில் பட்டது நகை! பொன்னம்மாள் கழற்றிவிட்டார். காதில் தொங்கும் பாம்படத்தின் எடையைப் பார்த்துக் குடும்பத்தின் கனத்தை அளந்த காலம் அது. உறவுக்காரர் சும்மா இருப்பார்களா? ஒருவரும் கட்டளையிடாமல் அவர் செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். கழற்றச் சொல்லிச் சட்டம் போடுகிற சபை பேதுருவைப் படிக்கவில்லை என்பது என் கட்சி. பிறகு பொன்னம்மாள் டோனாவூரில் குழந்தைகளுக்குத் தாயாக உழைத்து 1915-இல் புற்றுநோயால் இறந்தார். 1951-இல் மறைந்த ஏமி அம்மையாருக்குக் கல்லறைக் கல்கூடக் கிடையாது. பறவைகள் தண்ணீர் குடிக்கும் ஒரு தொட்டி மட்டும் வைத்தார்கள்.

இன்றைக்கு நம் பிள்ளைகளின் வரன் குறிப்பில் ஞானஸ்நானத்துக்கு முன்னால் நிறம் வருகிறது. சிவப்பு, மாநிறம் என்று எழுதிக் கொடுக்கும் பெற்றோரில் சபை மூப்பர்களும் உண்டு. கரிசல் வெயிலில் பிறந்த பெண்ணுக்கு அவள் தோலைக் குறையாகச் சொல்லிக் கொடுப்பது நாமே. பெற்றோர்களே, அடுத்த வரன் குறிப்பில் நிறம் என்ற வரியை அடித்துவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், முதலாம் ஓலை வாசிக்கும் முன்பே அந்தச் சம்பந்தத்தை மறுபடி யோசியுங்கள்.