குறிப்புக்குள் ஒரு சீட்டு

ஊரிலிருந்து, நான் இருக்கும் கலிஃபோர்னியாவின் சான் ரமோனுக்கு யார் வந்தாலும், அவர்கள் பெட்டியில் அம்மாவின் பொடிகள் இருக்கும். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி. எல்லாம் ஒரே மாதிரி பிளாஸ்டிக் கவர். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதி வைத்திருப்பாள். அவளுக்கு அந்தச் சீட்டு வேண்டாம், முகர்ந்தாலே போதும். எனக்கு வேண்டும்.

இணையத்தில் இருக்கும் சமையல் குறிப்புக்குள்ளும் அப்படி ஒரு சீட்டு உண்டு. படிக்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. வத்தக்குழம்பு என்று கூகுளில் தேடினால் படம், ஆகும் நேரம், நட்சத்திர மதிப்பு என்று அழகாக வந்து நிற்கிறதே, அது அந்தச் சீட்டைப் படித்து வருவது. ஸ்ட்ரக்சர்டு டேட்டா என்று பெயர். அது பிறந்த கதையில் சென்னைக்கும் பங்கு இருக்கிறது.

'அரிசி 2 கப், 20 நிமிடம் ஊற விடவும்' என்று படித்தால் எது பொருள், எது அளவு, எது நேரம் என்று நமக்குத் தெரியும். இயந்திரத்துக்கு எல்லாமே எழுத்துகள்தான். இந்த இடைவெளியை நிரப்பப் பல ஆண்டுகள் உழைத்தவர்களில் ஒருவர் ராமநாதன் குஹா. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்கா வந்தவர். டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் டக்ளஸ் லெனாட் தொடங்கிய 'சைக்' திட்டத்தில் 1987 முதல் வேலை செய்தார். குழந்தைக்குக்கூடத் தெரிந்த பொது அறிவை ஒவ்வொரு வாக்கியமாகக் கையால் எழுதி இயந்திரத்துக்குக் கற்றுத்தருகிற திட்டம் அது.

பிறகு ஆப்பிளில், தகவலைப் பற்றிய தகவலை எழுதிவைக்க ஒரு முறையை உருவாக்கினார். 1997-இல் நெட்ஸ்கேப்புக்குப் போனபின், டிம் பிரேயுடன் சேர்ந்து அதை இணையத்துக்கு ஏற்ற வடிவில் கொண்டுவந்தார். அதிலிருந்து வளர்ந்த ஆர்.டி.எஃப். 1999-இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி-யின் பரிந்துரையானது. ஆனால் ஊரெல்லாம் அதை எழுதவில்லை. காரணம் எளிது. மெனக்கெட்டு எழுதினால் என்ன கிடைக்கும் என்று கேட்டவருக்குச் சொல்லப் பதில் இல்லை.

அந்தப் பதில் தேடுபொறிகளிடமிருந்து வந்தது. 2008-இல் யாஹூ 'சர்ச்மங்கி'யைக் கொண்டுவந்தது. 2009 மே மாதம் கூகுள் 'ரிச் ஸ்னிப்பெட்ஸ்' அறிவித்தது. பக்கத்தில் சீட்டு வைத்தால், தேடல் முடிவில் உன் பக்கத்தைக் கூடுதல் விவரத்தோடு காட்டுகிறேன் என்பதுதான் பேச்சு. 2010 ஏப்ரலில் சமையல் குறிப்புகளுக்கும் அந்த வாய்ப்பு வந்தது. 2011 பிப்ரவரியில், கையில் இருக்கும் பொருள், ஆகும் நேரம், கலோரி என்று சலித்துத் தேடும் வசதியும் சேர்ந்தது.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. சீட்டு எழுதுவதில் ஆளுக்கொரு முறை. ஒரே ரசத்துக்கு ஒவ்வொரு தேடுபொறிக்கும் தனித்தனியாக எழுதினால் தளம் நடத்துகிறவர் என்ன ஆவது? 2011 ஜூன் 2 அன்று கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்டின் பிங் மூன்றும் சேர்ந்து 'ஸ்கீமா டாட் ஆர்க்' என்ற பொதுச் சொற்தொகுதியை வெளியிட்டன. போட்டி நிறுவனங்கள் ஒரே சொற்பட்டியலுக்கு ஒப்புக்கொண்டன. ரஷ்யாவின் யாண்டெக்ஸும் அதே ஆண்டு சேர்ந்தது. 2005-இலேயே கூகுளுக்கு வந்திருந்த குஹா இதைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

முதலில் இந்தச் சொற்களைப் பக்கத்தின் வரிகளுக்கு இடையிலேயே செருக வேண்டியிருந்தது. ஒரு வரியை மாற்றினால் எல்லாம் கலையும். 2014-இல் டபிள்யூ3சி பரிந்துரையான ஜேசன்-எல்டி முறையில், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தனிச் சீட்டாக எழுதிவிடலாம். கூகுள் இன்று பரிந்துரைப்பது அதைத்தான். சமையல் குறிப்பின் சீட்டில் பெயரும் படமும் கட்டாயம். பொருள்கள், செய்முறை, நேரம், எத்தனை பேருக்கு என்பதெல்லாம் இருந்தால் நல்லது. பக்கத்தில் இல்லாததைச் சீட்டில் எழுதக் கூடாது. சீட்டு இருப்பதாலேயே முதலிடம் கிடைத்துவிடாது. ஆனால் சீட்டு இல்லாத குறிப்பு, பெயரில்லாத பொடிக் கவர் மாதிரி. உள்ளே நல்ல சரக்கு இருந்தும் எடுக்கத் தயங்குவார்கள்.

அம்மாவின் இட்லி மாவுக் குறிப்புக்கு நானே சீட்டு எழுத உட்கார்ந்தேன். நேரம் எழுதும் முறை கறாரானது. 20 நிமிடத்துக்கு 'பிடி20எம்', 8 மணி நேரத்துக்கு 'பிடி8எச்'. தயாரிக்கும் நேரத்துக்கு ஓர் அறை, சமைக்கும் நேரத்துக்கு ஓர் அறை, மொத்த நேரத்துக்கு ஓர் அறை. மாவு புளிக்கும் நேரத்துக்குத் தனி அறை இல்லை. ஊரில் இரவு கரைத்து வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். இங்கே ஜனவரிக் குளிரில், ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு வைத்தாலும் மறுநாள் மதியம்வரை காத்திருக்க வேண்டும். அம்மாவிடம் போனில் கேட்டேன். "பொங்கினா தெரியும்டா. மணி பாத்தா எடுப்பாங்க?"

1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' நூலை வெளியிட்டபோதும் வேலை இதுதான். கையளவிலும் கண்ணளவிலும் இருந்ததை, பக்கத்தில் பெரியவர்கள் இல்லாத வீட்டுப் பெண்ணும் செய்யும்படி அளவாகவும் படிப்படியாகவும் எழுதினார். அன்று பெண்ணுக்கு எழுதியதை இன்று இயந்திரத்துக்கும் சேர்த்து எழுதுகிறோம். சீட்டின் அறைப்பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் உள்ளே தமிழில் எழுதலாம். எந்த ஊர்ச் சமையல் என்று கேட்கும் அறையில் 'தென்னிந்தியா' என்று நிறுத்த வேண்டியதில்லை, 'செட்டிநாடு' என்றோ 'கொங்கு' என்றோ எழுதலாம். நாம் எழுதாவிட்டால் நம் சமையலுக்கு வேறு யாரோ பெயர் வைப்பார்கள்.

மொத்த நேர அறையில் சான் ரமோன் குளிருக்காக 'பிடி16எச்' என்று போட்டேன். செய்முறை அறையில் நான்காவது படியாக அம்மா சொன்னதை எழுதினேன்: மாவு பாத்திரத்தில் பொங்கி வரும்வரை வைக்கவும்.