நாட்டுத் தக்காளி எந்த நாட்டுத் தக்காளி?

புதுக்கோட்டை சந்தையில் தக்காளி கேட்டால் கடைக்காரர் திருப்பிக் கேட்பது "நாட்டா, பெங்களூரா?" என்றுதான். நாட்டு என்றால் கொஞ்சம் தட்டையாக, காம்புப் பக்கம் பச்சை தெரிய, நல்ல புளிப்போடு இருக்கும். ரசத்துக்கு அதுதான் சரி. பெங்களூர் என்றால் முட்டை வடிவம், கெட்டித் தோல், நாலு நாள் ஆனாலும் அப்படியே இருக்கும்.

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களும் விதையை இப்படித்தான் இரண்டாகப் பிரிக்கிறார்கள். நாட்டு விதை நல்லது, ஹைப்ரிட் கெட்டது. முடிந்தது வழக்கு. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு ஆள் நிற்கிறார். நம் வீட்டுக் கொல்லையில் அதிகம் காய்த்தவர் அவர்தான், ஆனால் பெயர் மட்டும் வெளியே வரவில்லை. அவருடைய கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் தக்காளியின் சொந்த ஊரைப் பார்த்துவிடுவோம். அதன் காட்டு மூதாதை தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கம். பயிராக வளர்ந்தது மெக்சிகோவில். கொலம்பஸுக்குப் பிறகு ஐரோப்பா போய், கப்பலேறி இந்தியா வந்தது. மிளகாயும் அப்படி வந்ததுதான். நம் ஊரில் அதற்கு முன்பே 'தக்காளி' என்ற பெயர் இருந்தது, ஆனால் அது மணத்தக்காளி மாதிரியான சின்னப் பழங்களுக்கு. புதிதாக வந்ததைச் சீமைத் தக்காளி என்றார்கள். ஆக, சீமையாக வந்தது இன்று நாட்டாகிவிட்டது! கத்தரிக்காய் அப்படியில்லை, அது இந்த மண்ணுக்கே பழையது.

சரி, விதைக்கு வருவோம். ஒரு ஊரில் தலைமுறை தலைமுறையாக எடுத்து வைத்து விதைத்து வருவது பாரம்பரிய விதை. அமெரிக்காவில் இதற்கு 'ஏர்லூம்' என்று பெயர். தாத்தா சொத்து மாதிரி கைமாறி வருவது என்று அர்த்தம். 1975-இல் கென்ட் வீலி, டயேன் வீலி தம்பதியர் தாத்தா கொடுத்த பூ விதையையும் ஒரு தக்காளி விதையையும் வைத்து ஆரம்பித்த விதைப் பரிமாற்ற அமைப்பால் அந்தச் சொல் பரவியது. நம் வீடுகளில் இதற்குப் பெயரே தேவைப்படவில்லை. முற்றிய சுரைக்காயை அடுப்புக்கு மேலே புகைபடத் தொங்கவிடுவது, விதையைச் சாம்பலில் புரட்டி வைப்பது, சாணியில் பதித்துச் சுவரில் அப்புவது எல்லாம் சமையல் மாதிரி அன்றாட வேலை.

நடுவில் நிற்கும் ஆள் இங்கேதான் வருகிறார். 1906-இல் கோயம்புத்தூரில் வேளாண் கல்லூரி வந்தது, 1971-இல் அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக ஆனது. அதன் ஆராய்ச்சி நிலையங்கள் ஊர் ஊராகப் பயிர்களைச் சேகரித்து, நல்ல செடியாகத் தேர்ந்தெடுத்து, வெளியிட்ட இடத்தின் பெயரைச் சுருக்கி எண் கொடுத்தன. கோயம்புத்தூர் என்றால் கோ, பெரியகுளம் என்றால் பி.கே.எம். நம் மாவட்டத்து வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்தின் உளுந்து ரகங்கள் வம்பன் என்ற பெயரிலேயே தமிழ்நாடு முழுக்கப் போகின்றன. வம்பன் 8 உளுந்து 2016-இல் வந்தது.

இந்த எண்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் சுவாரசியம். பி.கே.எம். 1 தக்காளி என்பது தேனி பக்கத்து அன்னஞ்சியில் விளைந்த உள்ளூர்த் தக்காளியில் திடீர் மாற்றத்தைத் தூண்டித் தேர்ந்தெடுத்தது. கோ 2 கத்தரி நெகமம் பகுதி வரிக்கத்தரியிலிருந்து வந்தது. பி.கே.எம். 1 கத்தரிக்கு மூலம் புழுதிக்கத்தரி. பெயரிலேயே தெரிகிறது பாருங்கள், புழுதியில் வளர்ந்து பழகியது. மழை வந்தால் உண்டு, கண்மாய் நிறைந்தால் உண்டு என்று ஓடும் நம் செம்மண் பூமிக்கு இதெல்லாம் ஒத்துவரும் சரக்கு.

தட்டை வடிவம், காம்புப் பக்கம் பச்சை, புளிப்பு. இது பி.கே.எம். 1-இன் அடையாளம். பல சந்தைகளில் நாட்டுத் தக்காளி என்று நாம் விலை கொடுத்து வாங்குவது இந்த அரசாங்க ரகத்தைத்தான்.

முருங்கையில் இது நேர் எதிராக நடந்தது. அந்தக் காலத்தில் முருங்கை என்றால் போத்து வெட்டி நடுவதுதான். 1980-களின் இறுதியில் பெரியகுளத்திலிருந்து விதை போட்டு வளர்க்கும் பி.கே.எம். 1 செடிமுருங்கை வந்தது. மூலம் தூத்துக்குடி மாவட்டத்து எப்போதும்வென்றான் என்ற ஊரின் முருங்கை (என்ன ஒரு பெயர்!). ஆறு தலைமுறை தன் மகரந்தத்தாலேயே சேரவைத்து நிலைப்படுத்தினார்கள். ஆறே மாதத்துக்குள் காய். அதனாலேயே பலரும் இதை ஹைப்ரிட் முருங்கை என்கிறார்கள். ஆனால் இது ஹைப்ரிட் இல்லை. நாட்டு என்று நம்பியது ஆராய்ச்சி நிலையத்து ரகம், ஹைப்ரிட் என்று ஒதுக்கியது ஊர் முருங்கையின் பேரன்!

அப்படியானால் ஹைப்ரிட் எது? இரண்டு தூய வரிசைகளைத் தனித்தனியாக வளர்த்து, ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றில் சேர்த்து எடுக்கும் முதல் தலைமுறை விதை. காய்கறியில் இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜப்பான், 1924-இல், அதுவும் கத்தரியில். இந்தியாவில் மன்மோகன் அத்தாவர் 1965-இல் பெங்களூரில் இண்டோ-அமெரிக்கன் ஹைப்ரிட் சீட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1973-இல் அங்கிருந்து 'கர்நாடகா' என்ற ஒட்டுத் தக்காளி வந்தது. 1988-இன் புதிய விதைக் கொள்கை வெளிநாட்டுக் காய்கறி விதைக்குக் கதவைத் திறந்துவிட்டது. பிறகு கடைகளில் பளபளப்பான பாக்கெட்டுகள் நிறைந்தன.

ஹைப்ரிட் விதை முளைக்காது, மலட்டு விதை என்று ஒரு பேச்சு உண்டு. முளைக்கும். ஆனால் அடுத்த தலைமுறையில் தாத்தா பாட்டிகளின் குணமெல்லாம் பிரிந்து வரும். ஒரு செடி நெட்டை, ஒன்று குட்டை, ஒன்றில் காய் பெரிது, ஒன்றில் சுண்டைக்காய் அளவு. மெண்டல் 1866-இல் பட்டாணியை வைத்து எழுதியதுதான். மலட்டு விதைக் கதை 1998-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற 'டெர்மினேட்டர்' நுட்பத்திலிருந்து வந்தது. அது எங்கும் விற்பனைக்கு வரவேயில்லை. இந்தியாவின் 2001-ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டமும் அத்தகைய நுட்பம் உள்ள ரகங்களுக்குப் பதிவு கிடையாது என்கிறது. அதே சட்டம் விவசாயி விதையை எடுத்து வைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம் என்கிறது. பிராண்டு பெயர் போட்டு விற்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஹைப்ரிட் வாங்குகிற விவசாயியை ஏமாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லாரியில் இருநூறு கிலோமீட்டர் போய் நசுங்காமல் இறங்க வேண்டிய தக்காளிக்குக் கெட்டித் தோல் வேண்டும். ஆனால் நம் வீட்டுக் கொல்லைக்கும் அடுப்புக்கும் இருபது அடிதானே தூரம்! அங்கே எதற்கு லாரித் தக்காளி?

அதே சமயம் ஆராய்ச்சி நிலையத்து ரகம் இருக்கிறதே, பழைய விதை எதற்கு என்று விட்டுவிடவும் முடியாது. அன்னஞ்சித் தக்காளி என்று ஒன்று அந்த ஊரில் இருந்ததால்தான் பெரியகுளத்தில் மாற்றிப் பார்க்க ஏதோ இருந்தது. புழுதிக்கத்தரியில் ஒரு வரிசைக்குத்தான் எண் கிடைத்தது. மீதி வரிசைகள் எல்லாம் அதை விதைத்தவர்கள் கையில். அவர்கள் விதைப்பதை நிறுத்தினால் அதோடு போச்சு. அரசு குளிர்ப்பெட்டியில் கொஞ்சம் இருக்கும்தான், ஆனால் பெட்டிக்குள் மழையும் வராது, பூச்சியும் வராது. புதிய நோய்க்குப் பழகிக்கொள்ள அந்த விதைக்கு வாய்ப்பே இல்லை. நம்மாழ்வார் (2013-இல் காலமானார்) வேலை செய்த கொழுஞ்சிப் பண்ணை நம் மாவட்டத்தில்தான், கீரனூர் பக்கம் ஒடுகம்பட்டியில் இருக்கிறது. விதையை மண்ணில் வைத்தே காப்பாற்றுவது என்ற எண்ணம் இந்தப் பக்கம் பரவியதில் அவர்போன்றவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

கடைசியாக, விதை எடுக்க நினைப்பவர்களுக்கு. பாக்கெட்டில் எஃப்1 என்று போட்டிருந்தால் அது ஹைப்ரிட், அந்த ஒரு பருவத்தோடு சரி. ரகத்தின் பெயரும் எண்ணும் மட்டும் இருந்தால் பெரும்பாலும் எடுத்து வைக்கலாம். தக்காளி, அவரை, தட்டைப்பயறு எல்லாம் தன் பூவிலேயே மகரந்தம் சேர்வதால் அதிகம் மாறாது, முதல் வருடம் இதில் ஆரம்பிப்பது நல்லது. கத்தரியும் வெண்டையும் கொஞ்சம் கலக்கும், இரண்டு ரகத்தை அடுத்தடுத்து வைக்காமல் இருந்தால் போதும். சுரை, பீர்க்கு, புடலை, பூசணிதான் தொல்லை. தேனீ நம் வேலி, பக்கத்து வீட்டு வேலி என்று பார்க்காது. முந்தின நாள் மாலையே ஒரு ஆண் பூவையும் ஒரு பெண் பூவையும் விரியும் முன்னால் நூலால் கட்டிவைத்து, விரியும் நேரத்தில் நாமே தொட்டுவிட்டு, பெண் பூவை மறுபடி கட்டிவிட வேண்டும். முருங்கையும் கலக்கும் ஜாதிதான், அதற்கு இந்த வித்தை செய்ய ஏணி வேண்டும் :)