செம்மரத்தின் வேதிப்பொருள்கள்: ஆய்வு வரலாறு

செம்மரம் அல்லது செஞ்சந்தனம் (டெரோகார்ப்பஸ் சாண்டலினஸ்) அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இலையுதிர் மரம். திருப்பதி, சித்தூர், கடப்பை வட்டாரங்களின் சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா மலைக்காடுகளே இதன் தாயகம்; உலகில் வேறெங்கும் இது இந்த அளவுக்கு இயற்கையாக வளர்வதில்லை. அடிமரத்தின் வைரப் பகுதி ஆழ்ந்த சிவப்பு நிறம் கொண்டது. பெயரில் சந்தனம் இருந்தாலும் சந்தன மரத்தோடு இதற்கு உறவில்லை, அதன் மணமும் இல்லை. சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் வைரத்தை இழைத்து வீக்கத்துக்கும் தோல் எரிச்சலுக்கும் பற்றுப் போட்டனர். திருப்பதியில் விற்கும் மரப்பாச்சிப் பொம்மைகளும் இம்மரத்தில் கடையப்பட்டவையே.

வேதியியலாளரை முதலில் ஈர்த்தது நிறம். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய கட்டை ஐரோப்பாவில் கம்பளிக்குச் சாயமாகவும் மருந்துக் கரைசல்களுக்கு நிறமூட்டியாகவும் பயன்பட்டது. இந்தச் சிவப்பு நீரில் கரையாது, சாராயத்தில் கரையும். பின்னாளில் கவெந்துவுடன் சேர்ந்து குயினைனைப் பிரித்த பிரெஞ்சு மருந்தியலாளர் பெல்லெத்தியே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிறப்பொருளைப் பிரித்து ஆராய்ந்தார். அதற்குச் சாண்டலின் என்ற பெயர் நிலைத்தது. ஒரே பொருள் என்று கருதப்பட்ட அது உண்மையில் நெருங்கிய உறவுள்ள பல நிறமிகளின் கலவை. அதன் அமைப்பு நூறாண்டுக்கு மேல் பிடிபடாமல் போனதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

 1912இல் ஜே. சி. கெய்னுடன் சேர்ந்து சாண்டலின் பற்றிய ஆய்வுரையை வெளியிட்ட ஜே. எல். சைமன்சன், அப்போது சென்னை மாநிலக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர். அக்காலக் கருவிகளால் அவருக்கும் முழு அமைப்பு எட்டவில்லை.

இதற்கிடையே வைரத்தின் நிறமற்ற பொருள்கள் வெளிப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் டெரோகார்ப்பின், ஹோமோடெரோகார்ப்பின் ஆகிய படிகங்கள் கிடைத்தன. இவற்றின் அடிப்படைச் சட்டகம் கொண்ட சேர்மங்கள் அனைத்தும் இன்று டெரோகார்ப்பான்கள் எனப்படுகின்றன. பூஞ்சை தாக்கும்போது பட்டாணிச் செடி சுரக்கும் பிசாட்டினும் இவ்வகையே. 1940இல் வியன்னாவின் எர்ன்ஸ்ட் ஸ்பேத்தும் ஷ்லேகரும் செஞ்சந்தனத்திலிருந்து டெரோஸ்டில்பீனைப் பிரித்து அமைப்பையும் நிறுவினர். திராட்சையிலுள்ள ரெஸ்வெராட்ராலின் இரு ஹைட்ராக்சில் தொகுதிகளுக்குப் பதில் மெத்தாக்சி தொகுதிகள் வந்தால் அதுதான் டெரோஸ்டில்பீன். செம்மரத்தின் நெருங்கிய உறவான வேங்கை மரத்திலும் இது உண்டு. அங்கிருந்து எடுத்ததைக் கொண்டு நடந்த சோதனைகளில் நீரிழிவு எலிகளின் இரத்தச் சர்க்கரை குறைந்தது. மருத்துவ நோக்கில் சிவப்பு நிறமிகளைவிட இந்த நிறமற்ற பொருளே முக்கியமானது.

நிறமிகளின் புதிர் 1970களில் அவிழ்ந்தது. குளித்தலையில் பிறந்து வால்டேரிலும் பின்னர் டெல்லியிலும் தாவர வேதியியலுக்கு ஒரு மரபையே உருவாக்கிய டி. ஆர். சேஷாத்ரி, அந்த ஆண்டுகளில் ரவீந்திரநாத்துடன் சாண்டலின் அமைப்பை ஆராய்ந்தார். 1975இல் மெர்லினி, நாசினி உள்ளிட்ட இத்தாலியக் குழு சாண்டலின் ஏ, பி ஆகியவற்றின் அமைப்பை நிறுவியது. சாண்டலின் ஏ-யில் 33 கார்பன் அணுக்கள் உள்ளன. இரு சிறு பீனாலிய மூலக்கூறுகள் இணைந்து இந்தப் பெரிய நிறமி உருவாகிறது என்ற கருத்தை, அதே வழியில் ஆய்வகத்தில் தொகுத்துக் காட்டி 2013இல் வலுப்படுத்தியது வேதியியலாளர் டிர்க் டிரௌனரின் குழு. சாண்டலின் ஒய் என்ற மஞ்சள் நிறமியும் அதன்பின் தொகுக்கப்பட்டது.

வழக்கமான பகுப்பாய்வில் வைரத்தூளிலிருந்து முதலில் ஹெக்சேன் போன்ற கரைப்பானால் கொழுப்பு, மெழுகு வகைகளை நீக்குவர். பின்பு மெத்தனாலில் சிவப்புச் சாறு இறங்கும். சிலிக்கா நிரப்பிய குழாயில் அதைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் அணுக்கரு காந்த ஒத்ததிர்வாலும் நிறை நிறமாலையாலும் அடையாளம் காண்பர்.

திருப்பதி ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், செம்மரப் பட்டைச் சாறு நீரிழிவு எலிகளின் சர்க்கரையைக் குறைத்தது. எலிகளில் கண்ட பலனை மனிதருக்கான மருந்தென்று கொள்ள முடியாது. ஆனால் பட்டையை ஆராய்ந்தது நல்ல தேர்வு: வைரம் வேண்டுமானால் மரத்தையே வெட்ட வேண்டும், பட்டையை அளவோடு எடுத்தால் மரம் பிழைக்கும்.

வெட்டு பெருகியது மருந்துக்காக அன்று. சீனாவின் மரச்சாமான்களுக்கும் ஜப்பானின் ஷாமிசென் இசைக்கருவிக்கும் இருந்த தேவையே கடத்தலை வளர்த்தது. 1995இல் இம்மரம், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகக் கூறப்பட்ட தமிழகத் தொழிலாளர் 20 பேர் ஆந்திரக் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

கடத்தலைத் தடுப்பதிலும் இன்று வேதியியல் உதவுகிறது. ஆப்பிரிக்காவின் டெரோகார்ப்பஸ் டிங்டோரியஸ் கட்டையை நுண்ணோக்கியால் செம்மரத்திலிருந்து பிரித்தறிவது கடினம். மரச்சீவலை நிறை நிறமாலைமானியில் வைத்து வேதிப்பொருள்களின் வரிசையை ஒப்பிட்டால் வேறுபாடு தெரிந்துவிடும்.