தீப்பெட்டி ஆபீஸும் சீக்கு லீவும்

போன மாதம் காய்ச்சல். சென்னை அலுவலகத்துக்கு இரண்டு நாள் சிக் லீவ் போட்டேன். கடம்பூரிலிருந்து அம்மா போனில் கேட்டாள்: "படுத்துக் கெடந்ததுக்கும் சம்பளமாய்யா?"

அந்தக் கேள்வியால் சட்டப் புத்தகங்களைப் புரட்டினேன். நான் வக்கீல் இல்லை, மென்பொருள் எழுதுபவன். ஒரு நிபந்தனை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுவது மட்டும் பழக்கம்.

எனக்குக் கிடைத்த லீவின் வேர் 1947-ம் வருடத்துச் சென்னைக் கடைகள், நிறுவனங்கள் சட்டம். நோய்க்கென்றே வருடத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு. முதல் நாளிலிருந்தே முழுச் சம்பளம். கொடுக்க வேண்டியது முதலாளி.

1948-ன் தொழிற்சாலைச் சட்டத்தில் நோய் விடுப்பு என்று தனியாக எதுவும் இல்லை. உழைத்த 20 நாளுக்கு ஒரு நாள் விடுப்பு, அவ்வளவுதான். நோய்க்கு வேறு வழி வைத்தார்கள்: காப்பீடு. ஜெர்மனி 1883-லேயே கொண்டுவந்த யோசனை. இங்கே பேராசிரியர் பி.பி. அதார்க்கர் 1944-ல் கொடுத்த அறிக்கையிலிருந்து 1948-ல் இ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது. 1952-ல் கான்பூரில் நேரு தொடங்கிவைத்தார். 1955-ல் கோவைக்கு வந்தது. முதலாளி, தொழிலாளி இருவரும் சந்தா கட்டுகிறார்கள். இன்றைய விதிப்படி நோயில் கிடந்தால் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. உதவித்தொகை வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கவும் முடியாது.

நல்ல சட்டம்தான். ஆனால் அம்மாவுக்கு அது ஏன் வரவில்லை?

1987-ல் அவளுக்கு மஞ்சள்காமாலை. ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். பதினைந்து பேர் இருப்பார்கள். ஒன்றரை மாதம் கீழாநெல்லியும் மோரும். கூலி ஒரு பைசா இல்லை. அடுக்கின கட்டைக்குத்தானே காசு! ஸ்டேஷனில் எனக்கு வாங்கித் தரும் போளி அந்த வருடம் நின்றுபோனது.

காரணம் 'தொழிற்சாலை' என்ற சொல்லின் விளக்கத்தில் இருந்தது. 1948-ன் இ.எஸ்.ஐ. சட்டப்படி 20 பேர் வேண்டும், விசைச் சக்தியும் வேண்டும். மனிதனின், மாட்டின் பலம் சக்தியாகாது. எங்கள் கரிசல் காட்டில் குச்சி அடுக்கியதும் மருந்தில் முக்கியதும் பெட்டி ஒட்டியதும் கைகள்தான். மாநில அரசு நினைத்தால் சட்டத்தை மற்ற இடங்களுக்கும் நீட்டிக்கலாம். ஆனால் அம்மா கையில் இ.எஸ்.ஐ. அட்டை வந்ததே இல்லை. சின்ன ஆபீஸ்களுக்கு எக்சைஸ் வரியில் சலுகை இருந்ததால் ஆபீஸ்கள் சின்னதாகவே இருந்தன. ஆள் கணக்கும் எட்டாது.

1989 திருத்தம் சக்தி இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் என்று மாற்றியது. அப்போதும் அந்தப் பதினைந்து பேர் வெளியேதான். 2010-ல்தான் மோட்டார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 10 பேர் போதும் என்றானது. அம்மா அதற்குள் வேலையை விட்டுவிட்டாள்.

இதையெல்லாம் அவளிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மோட்டார் இல்லன்னா மஞ்சக்காமால வராதுன்னு நெனச்சுட்டாவளோ?"

இன்னும் வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுகிறவர்களுக்குக் குரோசு கணக்கில்தான் கூலி. அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன கிடைக்கும் என்று அம்மா இன்னும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.