அயலார் எனப்படுவோர் யார்?
தொலைக்காட்சியின் வேற்றுக்கோள் மாந்தரும் மன்னார்க் கரையின் வரலாறும்

தமிழில் 'அயல்' என்னும் சொல் இருபொருள் தருவது. அயலார் எனின் அடுத்த வீட்டாரும் ஆவர். நமக்குப் புறம்பானவரும் ஆவர். 'அயலட்டை' என்று நாம் அன்றாடம் வழங்கும் சொல்லிலே உறவின் நெருக்கம் தொனிக்கின்றது. 'அயல்நாடு' என்னும் சொல்லிலே பிரிவின் தொலைவு தொனிக்கின்றது. 2024 ஜனவரியில் வெளிவந்த தமிழ்த் திரைப்படமொன்று, விண்ணிலிருந்து வரும் உயிரினம் பற்றிய தன் கதைக்கு 'அயலான்' எனத் தலைப்பிட்டபோது இவ்விரு பொருளும் ஒருங்கே நினைவுக்கு வந்தன. ஆங்கிலத்திலும் 'ஏலியன்' என்பது விண்வெளிக் கதைகளுக்கு நெடுங்காலம் முன்னரே சட்டத்துறைச் சொல்லாக வழங்கியதாகும். ஒரு நாட்டில் வாழ்ந்தும் அந்நாட்டின் குடியுரிமை பெறாதவனையே அது குறித்தது. விண்ணிலிருந்து வருபவனுக்கு அப்பெயர் பின்னரே வாய்த்தது.

தொலைக்காட்சித் தொடர்களில் தோன்றி மக்கள் மனத்தில் நிலைத்துவிட்ட வேற்றுக்கோள் மாந்தர் சிலரை எடுத்துக்கொண்டு, அவர்கள் நிலைத்ததற்கான காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வாராய்ச்சியை மன்னார்க் கரையின் வரலாற்றோடு பொருத்திப் பார்க்கவும் முயல்கிறேன். விண்மீன்களுக்கும் மன்னாருக்கும் யாது தொடர்பு என வினவுவோர் உளர். அயலார் வந்திறங்குவதும், அயலாரென முத்திரை குத்தப்பட்டோர் வெளியேறுவதும் எமது கரையின் நீண்ட அனுபவமாகும். அவ்வனுபவமே இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டிற்று.

கரையும் அலையும்

மன்னார் வரலாற்றில் அயலார் வருகை புதியதன்று. மாதோட்டத் துறைமுகத்தில் 1980 முதல் 1984 வரை நிகழ்ந்த அகழ்வாய்வுகள் சீன, பாரசீக மட்கலங்களை வெளிக்கொணர்ந்தன. பள்ளிமுனையிற் பருத்து நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்காவுக்குரியது. அராபிய வணிகர் வழியே இங்கு வந்ததென்பது பொதுவான கருத்து. இன்று அதனை அயல்மரம் என எவரும் கருதுவதில்லை. 1560 இல் போர்த்துக்கேயரும், 1658 இல் ஒல்லாந்தரும், 1795 இல் ஆங்கிலேயரும் இத்தீவைக் கைப்பற்றினர். வணிகராய் வந்தோர் கலந்தனர். ஆள வந்தோர் கோட்டையை விட்டுச் சென்றனர்.

தொலைக்காட்சியும் இக்கரைக்கு இரு திசைகளினின்றும் வந்தது. இலங்கையில் 1979 ஏப்ரல் 13 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரி 15 இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. சென்னைத் தூரதர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 இலேயே தொடங்கிவிட்டது. பின்னர், 1995 இல், 323 மீற்றர் உயரமான ஒளிபரப்புக் கோபுரமொன்று இராமேஸ்வரத்தில் எழுந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றரே. மனிதர் கடக்கக் கடவுச்சீட்டு வேண்டிய கடலை ஒளியலைகள் தடையின்றிக் கடந்தன. அயல் என்பது எங்குத் தொடங்குகிறது என்னும் வினாவை அந்த அலைகளே எழுப்பின எனலாம்.

வெறுப்பின் உருவம்: டாலெக்

1963 நவம்பர் 23 இல் பி.பி.சி. 'டொக்டர் ஹூ' என்னும் தொடரைத் தொடங்கியது. தொடரை உருவாக்கியோருள் முதன்மையானவரான சிட்னி நியூமன், பிதுங்கிய விழிகளையுடைய அரக்கர் எவரும் அதில் இடம்பெறலாகாது எனப் பணித்திருந்தார். ஆயினும் அதே ஆண்டு டிசம்பர் 21 இல் டாலெக் என்னும் உயிரினம் திரையில் தோன்றியது. அக்கதை முடிவதற்குள் பார்வையாளர் தொகை ஒரு கோடியைத் தாண்டிற்று.

டாலெக்குகளைப் படைத்தவர் வேல்ஸ் நாட்டு எழுத்தாளரான டெரி நேஷன். 1930 இல் பிறந்த அவர், தம் சிறுபராயத்தை இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சுக் காலத்திற் கழித்தவர். டாலெக்குகளின் சாயலில் நாசிகளைக் காண்பது இதனால் இயல்பே. பேரழிவுப் போரொன்றின் விளைவாக உருக்குலைந்து, உலோகக் கூட்டினுள் ஒடுங்கி வாழும் உயிர் அது. தன்னைப் போலல்லாத எதனையும் அழிப்பதொன்றே அதன் கொள்கை. அதே கோளில் வாழும் தால் இனத்தாரை அது வெறுப்பதற்குத் தக்க காரணம் எதுவுமில்லை. அவர்கள் வேறானவர்கள் என்பதே காரணம்.

இங்கு ஊன்றி நோக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. டாலெக் அயலவன் என்பதற்காக நாம் அதற்கு அஞ்சுவதில்லை. அத்தொடரின் நாயகனான டொக்டரும் பிறிதொரு கோளைச் சேர்ந்தவனே. சொந்த நாட்டைத் துறந்து அலைபவனே. அவனை நாம் நேசிக்கிறோம். எனவே ஒரே தொடரில் அயலவன் ஒருவனை நேசிக்கவும் மற்றொருவனை வெறுக்கவும் நாம் கற்கிறோம். அயலவனைப் பொறாத மனநிலையே டாலெக். அது வேற்றுக்கோளில் மட்டும் பிறப்பதன்று.

இரு குலத்து மைந்தன்: ஸ்பொக்

1966 செப்டெம்பர் 8 இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் ஸ்பொக் என்னும் பாத்திரத்தை லெனாட் நிமோய் ஏற்று நடித்தார். கூர்ந்த செவிகளும் உயர்ந்த புருவங்களும் பார்வையாளரை அச்சுறுத்தக்கூடுமென அஞ்சிய என்.பி.சி. நிறுவனம், விளம்பரக் கையேட்டிலிருந்த படத்தில் அவற்றை மெருகிட்டு மறைத்துவிட்டது. அவ்வாறு மறைக்கப்பட்ட செவிகளே பின்னர் அத்தொடரின் அடையாளமாகியமை வரலாற்றின் விநோதமாகும்.

ஸ்பொக்கின் தந்தை வல்கன் கோளினர். தாய் மானிடப் பெண். இரு குலங்களுக்கும் உரியவனாய், இரண்டிலும் முழுமையாக ஏற்கப்படாதவனாய் அவன் வாழ்கிறான். 1968 இல், கறுப்பினத் தாய்க்கும் வெள்ளையினத் தந்தைக்கும் பிறந்த சிறுமியொருத்தி, தன் நிலையும் ஸ்பொக்கின் நிலையும் ஒன்றே எனக் கடிதம் எழுதினாள். நிமோய் இளைஞர் சஞ்சிகையொன்றின் வாயிலாக அவளுக்கு விரிவாகப் பதிலிறுத்தார். வல்கன் மக்களின் விரல் பிரித்த வணக்கமுறையையும் நிமோயே வகுத்தார். சிறுவயதில் யூத தொழுகைக் கூடத்தில் குருமார் ஆசி வழங்கக் கண்ட கைமுறையே அதற்கு மூலம். தம் பெற்றோர் உக்ரேனிலிருந்து அயலவராய் அமெரிக்கா வந்து குடிமக்களாயினர் என்றும், குடிமகனாய்ப் பொஸ்டனிற் பிறந்த தாம் ஹொலிவூட் சென்று அயலவராயினர் என்றும் அவர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. வேடிக்கையாயினும் அது புலம்பெயர்ந்தோர் வரலாற்றின் சுருக்கமே. ஸ்பொக்கின் உயிர்ப்பு கற்பனையிலன்றி இத்தகைய வாழ்வனுபவத்திலேயே வேரூன்றியுள்ளது.

வந்தேறிகளும் அகதிகளும்

1989 செப்டெம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஏலியன் நேஷன்' எமது பொருளுக்கு மிக நெருங்கியது. வேற்றுக்கோளில் அடிமைகளாயிருந்தோரை ஏற்றிவந்த விண்கலம் பாலைவனத்தில் வீழ்கின்றது. தப்பியோர் முதலில் தனிமைப்படுத்தப்பட்டு, பின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் குடியேற்றப்படுகின்றனர். குடிவரவு அதிகாரிகள் அவர்களுக்குப் பரிகசிப்பான பெயர்களைச் சூட்டுகின்றனர். கடல்நீர் அவர்தம் உடலை அமிலம்போல் எரிக்கும். கடலே பகையான அம்மக்களின் கதையை ஈழத்தமிழ் வாசகர் எளிதிற் கடந்துவிட இயலாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர் தலைமன்னார், அரிப்பு முதலிய இக்கரைத் துறைகளிலேயே இறங்கினர். இங்கிருந்து காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலே மடிந்தோர் பலர். 1914 இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறக்கப்பட்ட பின்னரும், அக்கரையில் மண்டபம் முகாமில் தடுத்துப் பரிசோதிக்கப்பட்டே அவர்கள் அனுப்பப்பட்டனர். அவர்தம் சந்ததியார் இந்நாட்டின் ஏற்றுமதிப் பொருளாதாரத்தைக் கட்டியெழுப்பிய பின்னர், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோராக்கிற்று. எஞ்சிய 150,000 பேரைப் பின்னொரு நாளுக்கு ஒதுக்கிற்று. பாட்டன் வந்திறங்கிய தலைமன்னாரிலிருந்தே பேரன் கப்பலேறினான். அவன் பார்த்திராத நாடொன்று அவனுக்குத் தாய்நாடு எனப்பட்டது. நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டரீதியான தீர்வு 2003 இலேயே முழுமை பெற்றது.

1986 முதல் 1990 வரை ஒளிபரப்பான 'அல்ப்' நகைச்சுவைத் தொடராயினும் அகதியின் கதையே. தன் கோள் அழிந்தபின் அடைக்கலம் தேடி வந்த உரோமம் நிறைந்த உயிரொன்றை ஒரு குடும்பம் தன் வீட்டில் மறைத்துவைக்கிறது. அரச அதிகாரிகள் அதனைத் தேடுகின்றனர். இறுதிக் காட்சியில் அது பிடிபட, தொடர் அத்துடன் நின்றுபோயிற்று. சிரிக்கவைத்த கதை சிறைப்பிடிப்பில் முடிந்தமை பார்த்தோரைத் துயருறுத்திற்று. எண்பதுகளில் எமது கரையிலிருந்து படகேறிய பல்லாயிரவரும் அக்கரையில் அடைக்கலம் தேடினர். முன்னொரு காலத்தில் இலங்கைக்கு வரும் தொழிலாளரைத் தடுத்துவைத்த அதே மண்டபத்தில், இலங்கையிலிருந்து வந்த அகதிகளுக்கான முகாம் அமைந்தது. ஒரே இடம், இருவகை அயலார்!

பணிவானோரைத் தேடி வந்தவன்

மேலைத்தேயக் கதைகளுக்கு மாறான ஒரு பாத்திரத்தை வங்காளம் தந்தது. சத்யஜித் ராய் 1962 இல் எழுதிய சிறுகதையில், ஆங் என்னும் வேற்றுக்கோளினன் வழிதவறி ஒரு கிராமத்து மூங்கிற் காட்டில் இறங்குகின்றான். ஊராரின் ஏளனத்துக்கு ஆளான பள்ளி ஆசிரியர் பங்குபாபுவைச் சந்திக்கின்றான். அச்சந்திப்பின் பின், தம்மை எள்ளிநகைத்தோர் முன் அவ்வாசிரியர் நிமிர்ந்து நிற்கின்றார். பின்னாளில் இக்கதை வங்காளத் தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது. 1967 இல் ராய் எழுதிய 'தி ஏலியன்' திரைக்கதைக்கு இலங்கைத் தொடர்பும் உண்டு. இங்கு வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனுமே அதனை ஹொலிவூட் வரை கொண்டுசெல்ல வழிசெய்தனர். எனினும் அது படமாகவில்லை. ஆங் எதனையும் கைப்பற்ற வரவில்லை. எவரும் மதியாத மனிதனை மதித்தான். அதுவே அவன் பெருமை.

எமது பக்கத்துக் கணக்கு

இவையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு. வணிக நிறுவனங்கள் இலாபம் கருதி உற்பத்தி செய்தவை என்பர் சிலர். அக்கூற்றில் உண்மை உண்டு. அயலவன்பால் அனுதாபம் ஊட்டும் தொடரைப் பார்த்த அதே சமூகம், தன் எல்லையில் நிற்கும் அகதியைத் திருப்பியனுப்பவும் கூடும். திரையில் வழியும் கண்ணீர் சட்டத்தைத் திருத்துவதில்லை. ஆயினும் வினாவொன்றை மக்கள் மனத்தில் விதைக்கக் கலைக்கு இயலும். அதற்கு விடைகாண வேண்டியது சமூகமே.

விடைகாணும்போது பிறரை மட்டும் கூண்டிலேற்றுவது நேர்மையாகாது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அவர்கள் தொகை ஏறத்தாழ 75,000 என மதிப்பிடப்படுகின்றது. மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியிலும் பிற ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, எமது மொழியையே பேசிய மக்கள் சில நாள்களில் அயலாராக்கப்பட்டனர். அவர்கள் எந்தக் கோளிலிருந்தும் வந்தவரல்லர், எமது அயலட்டையார். அந்நாள்களில் பிறந்திராத எமது தலைமுறைக்கு அச்செயலில் பங்கில்லையெனினும், அதனை அறிந்துகொள்ளும் கடமையிலிருந்து விலக்கில்லை. நாடற்றோராக்கிய சட்டத்தைக் கண்டிக்கும் நாம், அயலட்டையை அயல்நாடாக்கிய அச்செயலைப் பற்றி மௌனம் சாதிப்போமாயின், எமது கண்டனத்துக்கு வலுவிராது.

தொகுத்து நோக்கின், டாலெக் வெறுப்பையும், ஸ்பொக் இரண்டும்கெட்ட நிலையின் வேதனையையும், லொஸ் ஏஞ்சலிஸ் வந்தேறிகளும் அல்ப்பும் அடைக்கலம் தேடுவோரின் நிலையையும், ஆங் மதிப்பளிக்கும் பண்பையும் உணர்த்தி நிற்கின்றமை புலனாகும். அவர்கள் நிலைத்தது வேற்றுக்கோளினர் என்பதாலன்று. நாம் அயலாரை நடத்தும் முறையை எமக்கே காட்டியதாலாகும். ஆபிரிக்காவிலிருந்து வந்த பெருக்கமரத்தை மன்னார் மண் தன்னுடையதாக்கிக்கொண்டது. மரத்துக்கு அளித்த இடத்தை மனிதருக்கும் அளிக்க இக்கரை கற்குமாயின், 'அயலார்' என்னும் சொல்லில் தொலைவு குறைந்து உறவே எஞ்சும்.